வரகு வைக்கோலில் விழுந்த கோட்டை

மாந்தையில் கம்மாளர் கட்டியிருந்த கோட்டை முழுக்கக் காந்தக் கல். எதிரி கிட்ட வந்தால் வாளும் வேலும் கையை விட்டுப் பறந்து மதிலில் ஒட்டிவிடும். அப்பப்பா உலையடியில் இருந்து சொன்ன கதை இது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் மாந்தாபுரி என்ற பெயரோடு இதே கதை இருக்கிறது. கடைசியில் கணிகையர் கம்மாளரை மயக்கி இரகசியத்தைக் கறந்துவிடுகிறார்கள்: மதிலைச் சுற்றி வரகு வைக்கோலை அடுக்கிக் கொளுத்தினால் போதும்.

கேட்பவர்கள் காந்தத்தைத்தான் வியப்பார்கள். எனக்கு வியப்பு அந்த வைக்கோல்தான். காந்தக் கல்லைச் சுமார் 580 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது காந்தமாக இராது. நெருப்பில் காந்தம் இறக்கும் என்று இங்கிலாந்தில் வில்லியம் கில்பர்ட் எழுதியது 1600இல். அப்பப்பா அதையெல்லாம் படித்தவரல்ல. பழுதான ரேடியோப் பெட்டியின் காந்தம் ஒன்றை உலைப்பக்கம் கட்டித் தொங்கவிட்டிருப்பார். காட்டுக்கத்தியைத் தண்ணீரில் தோய்க்குமுன் குறட்டால் எடுத்து அதில் காட்டுவார். ஒட்டினால், “இன்னும் காயேல்லை, துருத்தியை ஊது” என்பார். வைக்கோல் தீ ஒரு மதிலையே அந்தச் சூட்டுக்குக் கொண்டுவராது. கதைக்கு அது தேவையுமில்லை.

உண்மையான மாந்தை கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே, திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மேடு. அனுராதபுரத்துக்குப் பெருந்துறையாக இருந்து 11ஆம் நூற்றாண்டில் அடங்கிப்போனது. விசயனுக்கு மதுரையிலிருந்து பெண் வந்தபோது பதினெண் தொழிற்குலத்தாரும் இத்துறையில்தான் இறங்கினார்கள் என்கிறது மகாவம்சம். 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் குழு இங்கே அகழ்ந்தது. போர் குறுக்கிட, அறிக்கை 2013இல்தான் வந்தது. காவலாக நிற்பது மண் கரையும் இரட்டை அகழியும். ஆனால் அதன் வடிவம் குதிரை லாடம், பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக் காந்தம் மாதிரியே!

கடலோடிகளிடமும் ஒரு காந்தக் கதை இருந்தது. இரும்பாணி அடித்த கப்பலைப் பிடித்து நிறுத்தும் மணியோலைத் தீவுகளைப் பற்றி 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதினார். பல்லேடியஸ் பெயரில் வழங்கும் பிற்கால நூல் அவற்றைத் தப்ரொபேனுக்கு அருகே, அதாவது நம் தீவுக்குப் பக்கத்தில் வைக்கிறது. அதனால்தான் கப்பலுக்கு மர ஆணி என்பது அவர்கள் சொன்ன காரணம். கயிற்றால் தைத்த கப்பல்கள் ஓடிய கடலில் அப்படியொரு விளக்கம் பிறந்ததில் அதிசயமில்லை. அந்தக் கதையில் காந்தத்துக்குத் தோல்வியே கிடையாது. மாலுமி விலகித்தான் போகவேண்டும். அதை நெருப்பால் அடக்கலாம் என்ற எண்ணம் உலையடியில் வேலை பார்த்தவனுக்குத்தான் வந்திருக்கும். தங்கள் குலம் தோற்ற கதையைக் கம்மாளரே கட்டினார்கள் என்று நான் நம்புவது அதனால்தான்.