பேணித் தகரத்தில் பிறந்த ஜீப்

1945 டிசம்பர். போரில் தோற்றுத் தரைமட்டமாகிக் கிடந்த ஜப்பானில், கியோத்தோ நகரத்து மருபுட்சு கடையில் ஒரு புது விளையாட்டுச் சாமான் விற்பனைக்கு வந்தது. சுமார் 10 சென்ரிமீற்றர் நீளமான தகர ஜீப். விலை 10 யென். வந்த வேகத்திலேயே விற்றுத் தீர்ந்தது. செய்தவர் ஒட்சு நகரைச் சேர்ந்த கொசுகே மட்சுசோ. அமெரிக்க இராணுவத்தினர் சாப்பிட்டுவிட்டு எறிந்த உணவுப் பேணிகளைச் சேர்த்து, கழுவி, விரித்து, வெட்டி மடித்துச் செய்த ஜீப் அது. அளவெடுக்கக் கருவி கொண்டுபோனால் சந்தேகப்படுவார்கள் என்று, வீதியோரம் நின்ற ஜீப்பைக் கைத்துண்டால் அளந்து வந்தார் என்பார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது பக்கம் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. டின்மீன் பேணியைப் படுக்கவைத்து, தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டிச் சில்லாக்கி, கம்பியை அச்சாகக் குத்தி, கயிறு கட்டி மணலில் இழுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த வண்டி சில நாள் பஸ், சில நாள் லொறி, சில நாள் பொலிஸ் ஜீப். வாயாலேயே சைரன் ஊதினால் முடிந்தது. ஆனால் வாகனத்தை அளந்து, கணக்குப் போட்டுச் சுருக்கும் வேலை வேறு. அந்த வேலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

அதன் முக்கியமான ஒரு கட்டம் லிவர்பூலில், புகையிரதத்தோடு தொடங்கியது. மெக்கானோ நிறுவனத்தின் பிராங்க் ஹோர்ன்பி, தன் பொம்மை ரயில் பாதைக்கு அருகில் நிறுத்திவைக்க 1933 இல் சிறிய வாகனங்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. ஒரு அடிக்கு 7 மில்லிமீற்றர் என்ற பிரித்தானிய ரயில் மாதிரிக் கணக்கிலிருந்துதான், இன்று உலகம் முழுவதும் புழங்கும் 1:43 என்ற விகிதம் பிறந்தது. டிங்கியின் முதல் பொலிஸ் தொகுதியில் கார் இருக்கவில்லை என்பது வியப்பான விஷயம். 1936 இல் வந்த அந்தப் பெட்டியில் இருந்தவை ஒரு பொலிஸ் கூண்டும், மோட்டார் சைக்கிள் ரோந்தும், வீதியில் நின்று போக்குவரத்தை நெறிப்படுத்தும் பொலிஸ்காரர்களும்தான்.

அந்தக் காலத்து மாதிரிகளில் பல இன்று கையில் எடுத்தாலே பொடிந்துபோகின்றன. நாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், வருடங்கள் போகப்போக உலோகம் வீங்கி, வெடிப்பு விட்டு உதிரும். தூய கலவை எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழிற்சாலைகள் இப்படித்தான் படித்தன.

நிஜமான பொலிஸ் கார் போலவே செய்யும் போட்டி போருக்குப் பிறகுதான் சூடுபிடித்தது. 1956 இல் கோர்கி டாய்ஸ் களமிறங்கியது. அதன் கார்களில் பிளாஸ்டிக் கண்ணாடி யன்னல்கள் இருந்தன. அதுவரை டிங்கி கார்களின் யன்னல்கள் வெறும் ஓட்டைகள். 1958 இல் கோர்கி, ரைலி பாத்ஃபைண்டர் காரைக் கறுப்பு வர்ணத்தில் பொலிஸ் காராக விற்றது. பிரித்தானிய பொலிஸ் கார்கள் அப்போது கறுப்புத்தான். பின்னர் வெள்ளை வந்தது, சிவப்புப் பட்டி வந்தது, அறுபதுகளின் நடுவில் இளநீலமும் வெள்ளையும் கலந்த சிறிய ரோந்து கார்கள் வந்தன, தொண்ணூறுகளில் மஞ்சளும் நீலமும் கட்டம் கட்டமாக வந்தன. நிஜக் கார்கள் பெரும்பாலும் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அந்த வர்ணங்களின் வரிசையை இன்று பார்க்க வேண்டுமானால், யாரோ பத்திரமாக வைத்திருக்கும் அலுமாரியில்தான் பார்க்கலாம். பொம்மை என்று ஒதுக்கப்பட்டது சாட்சிப் பொருளாகிவிட்டது.

மேட்ச்பொக்ஸ் கதை இன்னும் அழகானது. தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமானைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. தன் மகளுக்காக லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல் பித்தளையில் ஒரு சின்னஞ்சிறு வீதி உருளை செய்து கொடுத்தார். 1953 இல் நிறுவனம் அந்த யோசனையை மேட்ச்பொக்ஸ் என்ற பெயரில் வியாபாரமாக்கியது. இங்கே ஒரே விகிதம் கிடையாது. பெட்டிக்குள் அடங்கவேண்டும், அவ்வளவுதான். மேட்ச்பொக்ஸ் வரிசையின் 55 ஆம் இலக்கத்தில் அமெரிக்க ஃபோர்ட் பொலிஸ் கார்கள் வந்தன. 1966 இன் ஃபோர்ட் கலக்ஸி வெள்ளை நிறம். கூரை விளக்கு சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் நீலம். சேகரிப்பவர்கள் அந்த மணியளவு பிளாஸ்டிக்கின் நிறத்தைப் பார்த்தே விலை பேசுகிறார்கள்.

1970 இல் ஜப்பானின் டோமிகா தன் முதல் ஆறு கார்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்று டொயோட்டா கிரவுண் பொலிஸ் ரோந்து கார். தன் வீதியில் ஓடிய காரையே ஒரு நாடு தன் பிள்ளைகளின் கையில் கொடுத்தது!

இலங்கைப் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் இவை எட்டாக் கனி. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பாணுக்கே வரிசையில் நின்ற காலம் அது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதோடு மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் போன வாப்பாமார் விடுமுறையில் கொண்டுவந்த பெட்டிகளில், பற்றரி போட்டால் சுற்றிச் சுற்றி ஓடிச் சைரன் அடிக்கும் பொலிஸ் கார்களும் இருந்தன. அதே காலத்தில் போரும் வந்தது. வெளியே நிஜ ஜீப்பின் சத்தம் கேட்டால் கதவடைத்த வீடுகளில், உள்ளே பிள்ளைகள் பொம்மை ஜீப் ஓட்டினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, கரையோர வீடுகளில் இருந்த இத்தகைய சாமான்கள் எல்லாம் வீடுகளோடு போய்விட்டன. இந்தக் கரையின் பழைய விளையாட்டுச் சாமான்களைத் தேடுபவருக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பெரியவர்களின் ஞாபகம்தான்.

இன்று வாகனங்களை அளந்து சுருக்கும் கலையை ஆழமாகச் செய்பவர்கள் 1:24, 1:25 அளவுப் பிளாஸ்டிக் தொகுதிகளை வாங்கி ஒட்டுகிறார்கள். ஆனால் தொகுதிகளில் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கார்கள். கிழக்கு மாகாண வீதிகளில் பல வருடம் பொலிஸ் வாகனமாக ஓடிய லாண்ட் ரோவர் டிஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். 110 ரகத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 110 அங்குலம். 1:43 இல் அது 65 மில்லிமீற்றர். 1:24 இல் 116 மில்லிமீற்றர். இந்த ஓர் எண் சரியாக இருந்தால் மற்ற அளவுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் கட்டலாம். பிழைத்தால், எவ்வளவு வர்ணம் அடித்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். டிஃபெண்டரின் உடல் பெரும்பாலும் தட்டைத் தகடு. மெல்லிய பிளாஸ்டிக் தகடும் கூரான பிளேடும் பொறுமையும் இருந்தால் போதும். கதவின் எழுத்துகளை ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வெட்டிக்கொள்ளலாம். கடினமான பகுதி கூரை விளக்கு. உள்ளே ஒளி தெரியும்படி நீலப் பிளாஸ்டிக்கை அரம் போட்டு, ஈரமான நீர்த்தாளில் தேய்த்து மினுக்க வேண்டும்.

இலங்கைப் பொலிஸ் 1866 இல் அமைக்கப்பட்டது. அது ஓட்டிய வாகனங்களை அளந்து, படமெடுத்து, மாதிரி செய்துவைக்கும் வேலையை வெளிநாட்டு நிறுவனம் எதுவும் நமக்காகச் செய்துதரப் போவதில்லை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் கைவேலை தெரிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. பழைய ஜீப்பின் படம் எந்த வீட்டு அல்பத்திலாவது இருந்தால், கல்யாண ஊர்வலப் படத்தின் ஓரத்தில் தெரிந்தாலும் சரி, அதைப் பிரதி எடுத்து அவர்களிடம் கொடுங்கள்.