சித்தூரும் ஒப்பிலக்கியப் படிப்பும்

என் பேத்தி பி.ஏ. முடித்ததும், "தாத்தா, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் எம்.ஏ. படிக்கப்போறேன்" என்றாள். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. கடைக்கு வந்த நண்பர், "அதென்னய்யா, எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டார். நம்ம ஊர்ச் சரக்குதான் என்றேன். அதை விளக்கவே இக்கட்டுரை.

சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880-ல் பிறந்தவர் இராமலிங்க ரெட்டி. சி.ஆர். ரெட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று மீண்டவர். 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். அந்தப் பெருமையை மேடைதோறும் சொல்வார்கள். ஆனால் 1914-ல் அவர் வெளியிட்ட 'கவித்வ தத்வ விசாரமு' பற்றி நம்மவர் பேசக் கேட்டதில்லை. பிங்கலி சூரனா பதினாறாம் நூற்றாண்டில் பாடிய 'கலாபூர்ணோதயமு' காப்பியத்தை, மேலைத் திறனாய்வில் கற்ற படிக்கற்களைப் போட்டு அதில் நிறுத்துப் பார்த்தார். பண்டிதர் பலருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும்! ஆனாலும் தெலுங்கின் புதுத் திறனாய்வு பற்றிப் பேசுவோர் இந்நூலைத் தாண்டிப் போவதில்லை.

இனித் திருப்பதி. 1954-ல் அங்கே திருவேங்கடவன் பல்கலைக்கழகம் தோன்றியது. 1960-ல் தமிழ் கற்பிக்க வந்தவர் பேராசிரியர் ந. சுப்புரெட்டியார். நம்மாழ்வாரை முதன்மையாக வைத்து நாலாயிரம் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு செய்தார். தமிழ்ப் பாசுரம், ஆங்கில நூல், தெலுங்கு ஊர். அவர் வந்த அதே 1960-ல்தான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, சித்தூர் இந்தப் பக்கம் நின்றது.

எங்கள் சமண நூல்களிலும் ஓர் உதாரணம் உண்டு. யசோதரன் கதை. அரசன் உயிரைக் கொல்லத் தயங்கி, மாவால் செய்த கோழியைப் பலியிடுகிறான். அந்த எண்ணத்துக்கே பல பிறவி துன்பப்படுகிறான். இக்கதையை 959-ல் சோமதேவர் வடமொழியில் 'யசஸ்திலகம்' என்று முடித்தார். 1209-ல் ஜன்னன் கன்னடத்தில் பாடினான். தமிழில் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய 'யசோதர காவியம்' இருக்கிறது, ஆசிரியர் பெயர்தான் கிடைக்கவில்லை. ஒரே கதை மொழிக்கு மொழி எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று பார்ப்பதுதான் ஐயா ஒப்பிலக்கியம்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். மார்க்கு வரும் என்று பேத்தியைப் பள்ளியில் தெலுங்கு எடுக்கவைத்தவன் நானே. தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். ஒரு தட்டு காலியாக இருக்க, எதை எதோடு ஒப்பிடுவது?

சேர்க்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கடை அடைத்தபின் இருவரும் உட்கார்ந்து யசோதர காவியம் படிக்கிறோம். நான் வாசிக்க, அவள் அருஞ்சொற்களைத் தெலுங்கு எழுத்தில் குறித்துக்கொள்கிறாள். நேற்றோடு முதல் சருக்கம் முடிந்தது.