இறங்கிய பிறகு எழுதப்படுவது

விமானம் தரையிறங்கி, தன் நிறுத்தத்தை அடைந்து, எஞ்சின்கள் ஓய்ந்துவிட்டால் நம்மைப் பொறுத்தவரை பயணம் முடிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டிகளைத் திறந்து, கைப்பேசியை உயிர்ப்பித்து, வாசலை நோக்கி நெருக்கத் தொடங்கிவிடுகிறோம். அதே நேரத்தில் முன்னறையில் விமானி ஒரு பக்கத்தை நிரப்பிக்கொண்டிருப்பார். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை முறை தரையைத் தொட்டது, வழியில் ஏதேனும் கோளாறு தென்பட்டதா, கீழே ஒரு கையெழுத்து. பின்னர் அந்த விவரங்கள் நிறுவனத்தின் எல்லா விமானங்களுக்கும் கணக்கு வைத்திருக்கும் மென்பொருளில் ஏறுகின்றன. வரலாறு என்றதும் மன்னர்களையும் போர்களையும் நினைக்கப் பழகியவர்கள் நாம். இப்படியொரு குமாஸ்தா வேலைக்கும் வரலாறு உண்டு என்பதும், அது துயரமான வரலாறு என்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

இந்த ஏட்டை ‘லாக் புக்’ என்கிறார்கள். சொல் கடலிலிருந்து வந்தது. முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்புறம் வீசி, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையை விட்டு ஓடுகின்றன என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அளந்தார்கள். அந்தக் கட்டையின் பெயர் அளவை எழுதிவைத்த புத்தகத்துக்கு ஆகிவந்தது. வானூர்தி பிறந்தபோது கடலின் சொற்கள் பலவற்றோடு இதுவும் மேலேறிவிட்டது. 1944-ல் சிகாகோவில் உருவான பன்னாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 34-ஆம் பிரிவு, நாடு கடந்து பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் பயணப் பதிவேடு இருந்தாக வேண்டும் என்கிறது.

பதிவேட்டின் சிக்கலோ பறத்தலின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தார்கள். முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. நான்காவது 59 விநாடி, 852 அடி. நிறுத்துக் கடிகாரம், காற்றுமானி, எஞ்சினின் சுற்றுகளை எண்ணும் கருவி ஆகிய மூன்றையும் அவர்கள் அந்த விமானத்திலேயே பொருத்தியிருந்தார்கள். பறப்பது எவ்வளவு முக்கியமோ, பறந்ததை அளந்து எழுதுவதும் அவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அன்று தந்தைக்கு அனுப்பிய தந்தியில், 59 விநாடி 57 விநாடியாகிப் போய்ச் சேர்ந்தது. ஆர்வில்லின் பெயரும் பிழையாகவே அச்சாகியிருந்தது. நல்லவேளையாக நாட்குறிப்பு சரியாக இருந்தது.

அந்த இரண்டு விநாடிகளால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. பதிவேட்டின் எண்கள் உயிர்களோடு பிணைந்தது அரை நூற்றாண்டு கழித்து, காமெட் விமானத்தின் காலத்தில்.

*

1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நோக்கிக் கிளம்பிய டி ஹாவிலண்ட் காமெட், பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ஜெட் சேவையைத் தொடங்கிவைத்தது. அந்த விமானத்தின் பதிவெழுத்துகளில் இறுதி இரண்டைக் கொண்டு அதை ‘யோக் பீட்டர்’ என்று அழைத்தார்கள். இருபது மாதங்கள் கழித்து, 1954 ஜனவரி 10 அன்று, ரோமிலிருந்து புறப்பட்ட அதே யோக் பீட்டர் எல்பா தீவுக்கு அருகே வானில் சிதறிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் இறந்தார்கள். காமெட்கள் நிறுத்தப்பட்டன. தீப்பிடித்தலிலிருந்து அதிர்வு வரை காரணமாக இருக்கக்கூடும் என்று தோன்றிய எல்லாவற்றுக்கும் திருத்தங்கள் செய்து, மார்ச் 23 அன்று மீண்டும் பறக்கவிட்டார்கள். பதினாறே நாட்களில், ஏப்ரல் 8 அன்று, ‘யோக் யோக்’ என்ற இன்னொரு காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்தது. இம்முறை 21 பேர்.

ஃபார்ன்பரோவில் ஆர்னால்ட் ஹால் தலைமையில் நடந்த ஆய்வு பொறியியல் வரலாற்றில் தனி அத்தியாயம். ஒரு முழு காமெட்டின் உடலை, இறக்கைகள் வெளியே நீட்டியிருக்க, பெரிய நீர்த்தொட்டிக்குள் அடைத்தார்கள். உயரத்தில் பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் உடல் சற்றே உப்பி, இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும். அதைக் காற்றுக்குப் பதில் நீரால் செய்து பார்த்தார்கள். காற்றால் செய்து உடல் கிழிந்திருந்தால் அது குண்டைப் போல வெடித்திருக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு பயணம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஜூன் மாத இறுதியில், வானில் ஏற்கெனவே பறந்த 1,200-க்கும் மேற்பட்ட பயணங்களையும் சேர்த்து 3,000-ஐச் சற்றே தாண்டியபோது, சன்னல் திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. உலோகச் சோர்வு. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதைப் போன்றதுதான்.

இங்கே பதிவேடுகள் வருகின்றன. யோக் பீட்டர் விழுவதற்கு முன் அழுத்தம் ஏற்றிப் பறந்த பயணங்கள் 1,290. யோக் யோக் 900. இந்த இரண்டு எண்களும் கடலடியிலிருந்து கிடைக்கக்கூடியவை அல்ல. கடற்படை அள்ளி எடுத்த உலோகத் துண்டுகள் எங்கே கிழிந்தது என்று சொல்லும். எத்தனையாவது முறை உப்பியபோது கிழிந்தது என்று சொல்லாது. அதை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் யாரோ சலிப்போடு எழுதிவைத்த வரிகள்தான் சொல்லின. அந்த எண்கள் இல்லாவிட்டால் தொட்டியில் நடந்த சோதனையை வானில் நடந்த சாவுகளோடு ஒப்பிட்டிருக்கவே முடியாது.

தயாரிப்பாளர்கள் சோதிக்காமல் விட்டவர்கள் அல்லர். மாதிரி உடல்பகுதி ஒன்றை அவர்களும் பல ஆயிரம் முறை அழுத்தி விடுவித்துப் பார்த்திருந்தார்கள். ஆனால் அதே பகுதியை அதற்கு முன் வலிமைச் சோதனைக்காக மிகையான அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அந்த மிகையழுத்தமே மூலைகளின் உலோகத்தை இறுக்கி, சோர்வைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டிவிட்டது. அந்த மாதிரியின் கடந்தகாலமும் பயணிகளைச் சுமந்த விமானங்களின் கடந்தகாலமும் ஒன்றல்ல என்பது அப்போது எவருக்கும் உறைக்கவில்லை.

*

காமெட் கற்பித்த பாடம் எளியது: விமானத்தின் வயதை மணிகளால் மட்டும் அளக்க முடியாது, எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ண வேண்டும். பத்து மணி நேரம் ஒரே மூச்சில் பறந்த விமானத்தின் உடல் ஒரு முறைதான் உப்புகிறது. அதே பத்து மணி நேரத்தை இருபது குறும்பயணங்களாகப் பறந்தது இருபது முறை உப்புகிறது. பாடம் தெரிந்திருந்தும் அது நடைமுறையின் எல்லா மூலைகளுக்கும் சென்று சேர இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹோனலூலு நோக்கிப் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் தன் கூரையை இழந்தது. முன்பகுதியில் ஏறத்தாழ 18 அடி நீளத்துக்கு மேல்தளம் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மறைந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் அதை மாவி தீவில் இறக்கியது இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. பயணி ஒருவர் ஹிலோவில் ஏறும்போதே கதவருகே விரிசலொன்றைக் கண்டிருந்தார். எவரிடமும் சொல்லவில்லை.

அந்த விமானத்தின் பதிவேட்டைப் பார்த்தால் இரண்டு எண்கள் தெரியும். பறந்த நேரம் 35,496 மணி. பறந்த முறைகள் 89,680. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணத்துக்குச் சராசரியாக 24 நிமிடங்கள். வடிவமைப்பாளர்கள் எண்ணியிருந்த ஆயுள் 51,000 மணி நேரம், 75,000 பயணங்கள். மணிக்கணக்கில் அது இன்னும் நடுவயதைத் தாண்டியிராத விமானம். பயணக்கணக்கில் அது மூப்பின் எல்லையைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டிருந்தது.

என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி. முழு உடலையும் பிரித்துப் பார்க்கும் பெரிய ஆய்வுக்கு போயிங் பரிந்துரைத்த இடைவெளி 20,000 மணி நேரம். அலோஹா வைத்திருந்ததோ 15,000. பார்வைக்கு அலோஹாதான் கூடுதல் கண்டிப்பு. ஆனால் போயிங்கின் அட்டவணை கருதியதைப் போல இரு மடங்கு வேகத்தில் அந்த விமானங்களின் பயண எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே இறக்கங்களால் அளந்தால் கண்டிப்பு தளர்வாகிவிடுகிறது. இரண்டு எண்களும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுத்தான் இருந்தன. ஆய்வு நாளைத் தீர்மானிக்க எந்த எண்ணைப் பார்ப்பது என்பதில்தான் பிழை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறும்பயணங்களில் விமானம் பல நேரம் முழு உயரத்துக்கு ஏறுவதில்லை, முழு அழுத்தமும் ஏறுவதில்லை. ஆக 89,680 என்பதும் உண்மையான சோர்வை விடச் சற்றுக் கூடுதலான கணக்கே. உப்பு படிந்த கடற்காற்றும், தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போனதும் காரணத்தில் பங்குகொண்டன. எந்த ஓர் எண்ணும் ஓர் இயந்திரத்தின் வாழ்வை முழுமையாகச் சொல்லிவிடாது. 2010-ல் அமெரிக்க விமான நிர்வாகம் மூத்த விமானங்களுக்கு இறுதி எல்லை ஒன்றை விதித்தபோது, அதைப் பயணங்களாலோ மணிகளாலோ இரண்டாலுமோ குறிக்கலாம் என்றது இதனால்தான்.

*

அடுத்த ஆண்டே, 1989 ஜூலை 19 அன்று, சியூ நகரில் ஒரு டிசி-10 விழுந்தது. 296 பேரில் 112 பேர் மாண்டார்கள். வால் எஞ்சினின் முன்தட்டு வெடித்துச் சிதறியிருந்தது. அந்தத் தட்டு அதுவரை 15,503 பயணங்கள் கண்டது, அனுமதிக்கப்பட்டது 18,000. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் டைட்டானியத்தை வார்த்தபோதே உள்ளே ஒரு குறை புகுந்திருந்தது. பிறப்பைத் தேடிப் போன விசாரணையாளர்கள், தயாரிப்பாளரின் ஏடுகளில் ஒரே வரிசை எண்ணை இரண்டு தட்டுகள் தாங்கியிருந்ததைக் கண்டார்கள். இன்று எஞ்சினின் சுழலும் பாகமொன்று கைமாறும்போது, பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் சான்று கேட்பார்கள். சான்றுச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால், கண்ணாடிபோல் மின்னும் பாகமும் பழைய இரும்பின் விலைக்குத்தான் போகும்.

இந்தச் சுமையெல்லாம் இப்போது மென்பொருளின் தோளில் இருக்கிறது. 1978-ல் அமெரிக்காவில் வந்த ஏகார்ஸ் என்ற தகவல் முறை, நான்கு கணங்களை விமானத்திலிருந்தே தரைக்கு அனுப்பத் தொடங்கியது: நிறுத்தத்தை விட்டு நகர்ந்தது, தரையை விட்டு எழுந்தது, தரையைத் தொட்டது, நிறுத்தத்துக்கு வந்தது. கதவும், நிறுத்தத் தடையும், சக்கரக்காலில் உள்ள விசையும் சாட்சி சொல்லின. விமானியின் கைக்கடிகாரம் ஓய்வுபெற்றது.

ஆனால் பயணத்தை மூடும் இறுதிப் பதிவில் பல இடங்களில் இன்னும் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். அவர் முன் இரண்டு விதமான நேரங்கள். நிறுத்தத்திலிருந்து நிறுத்தம் வரையிலானது ஒன்று. சக்கரத்தடியில் இடும் தடுப்புக்கட்டையை எடுப்பதிலிருந்து மீண்டும் இடுவது வரை என்பதால் அதன் ஆங்கிலப் பெயரிலும் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விமானியின் பணிநேரக் கணக்கில் இதுவே பெரும்பங்கு. மற்றது எழுந்ததிலிருந்து இறங்கியது வரை. உலோகத்தின் வயது இதைச் சார்ந்தது. ஒன்றின் கட்டத்தில் மற்றதை இட்டால் மென்பொருள் எதிர்ப்புத் தெரிவிக்காது, இரண்டும் எண்கள்தாமே. பயிற்சிப் பறத்தலில் ஒரு மணி நேரத்தில் எட்டு முறை தரையைத் தொட்டு எழுந்திருப்பார்கள். இறக்கம் என்ற கட்டத்தில் வழக்கம்போல் ‘1’ என்று விட்டுவிட்டால், ஏழு இறக்கங்கள் நடக்காதவை ஆகிவிடுகின்றன. முந்தைய இரவின் பயணம் பதிவாகுமுன் ஒரு சக்கரக்கால் இன்னொரு விமானத்துக்கு மாற்றப்பட்டால், அந்தப் பயணத்தின் சுமை யார் கணக்கில் சேரும்?

காகித ஏட்டில் பிழை ஒரு வரியோடு நின்றது. மென்பொருளில் ஒரு வரி, உடல், எஞ்சின், தட்டு, சக்கரக்கால் என்று நூற்றுக்கணக்கான பாகங்களின் வயதை ஒரே நொடியில் கூட்டுகிறது. சரியாக இருந்தால் அத்தனையும் சரி. தவறாக இருந்தால் அத்தனையும் தவறு, அதுவும் மிக நேர்த்தியான அட்டவணையாக.

தன் உடல் எத்தனை முறை உப்பித் தணிந்தது என்பது விமானத்துக்கு நினைவிருக்காது. வலித்தால் சொல்லவும் அதற்கு வாயில்லை. அதன் நினைவு முழுவதும் வெளியே, இரவுப் பணியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கட்டங்களை நிரப்பும் ஒருவரின் விரல்நுனியில் இருக்கிறது. யோக் பீட்டரின் 1,290 பயணங்களை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தாம். எதற்காக எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அடுத்த முறை விமானம் நின்றதும் எழுந்து நெருக்கும்போது, முன்னறைக் கதவைத் தாண்டிச் செல்லும் அந்தச் சில நொடிகளிலாவது, உள்ளே எழுதிக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.