ஆஸ்பத்திரி மாடியில் ஒரு மாணவர் விடுதி: எட் ராபர்ட்ஸும் பெர்க்லியும்

இந்த எபிசோடில் நாம் போகப்போவது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்கு. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரி, அதோட மூணாவது மாடி. அந்தக் கதைக்குள் போறதுக்கு முன்னால, என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லிடறேன்.

நான் பிளஸ் டூ படிச்சப்போ, எங்க தெருவில் பார்வையற்ற அண்ணன் ஒருவர் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான்தான் ஸ்கிரைப். அவர் விடையைச் சொல்லச் சொல்ல நான் பேப்பரில் எழுதணும். ஒரு பரீட்சையில் அவர் சொன்ன வாக்கியம் ஒண்ணு எனக்குத் தப்புன்னு பட்டது. நல்லது செய்யறதா நினைச்சு, நானே மாத்தி எழுதிட்டேன். கடைசியில் படிச்சுக் காட்டச் சொன்னார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். “நான் இப்படிச் சொல்லலையே தம்பி. அடிச்சிட்டு நான் சொன்னதை எழுது. தப்பா இருந்தாலும் அது என் தப்பா இருக்கட்டும்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. ஆனா எனக்குச் சுருக்குன்னு இருந்தது. உதவி பண்ண வந்தவனை இப்படிச் சொல்லிட்டாரேன்னு ரெண்டு நாள் மனசுக்குள்ளே புழுங்கினேன். அவர் சொன்னதோட அர்த்தம், பல வருஷம் கழிச்சு பெர்க்லி வரலாற்றைப் படிச்சப்போதான் எனக்கு முழுசாப் புரிஞ்சது.

சரி, கதைக்கு வருவோம்.

எட் ராபர்ட்ஸ் 1939-இல் பிறந்தவர். 1953-இல், 14 வயதில், அவரைப் போலியோ தாக்கியது. போலியோ தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தது 1955-இல். ரெண்டே வருஷ இடைவெளி! கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட எல்லாமே செயலிழந்துவிட்டது. ஒரு கையில் ரெண்டு விரலும், கால் விரல்கள் சிலவும் மட்டும் அசையும். மூச்சு விடுவதற்கு ‘இரும்பு நுரையீரல்’ என்ற இயந்திரம் வேண்டும். ஒரு பெரிய உலோக உருளை. தலை மட்டும் வெளியே இருக்க, உடம்பு முழுக்க உள்ளே இருக்கும். பகலில் கொஞ்ச நேரம் வெளியே இருக்கலாம், ராத்திரி அதுக்குள்ளேதான் தூக்கம்.

பள்ளிப்படிப்பைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே டெலிபோன் இணைப்பு வழியாகப் படித்தார். படிப்பு முடிந்தபோது பள்ளி ஒரு சிக்கலைக் கிளப்பியது. உடற்பயிற்சி வகுப்பும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்காததால் சான்றிதழ் தர முடியாதாம். கழுத்துக்குக் கீழே அசையாத பையனிடம் கார் ஓட்டிக் காட்டச் சொல்றாங்க, யோசிச்சுப் பாருங்க! அவருடைய அம்மா சோனா ராபர்ட்ஸ் விடவில்லை. பள்ளி நிர்வாகக் குழு வரை போய்ப் போராடி வாங்கினார்.

அடுத்து, மாநில மறுவாழ்வுத் துறை. மாற்றுத்திறனாளிகளின் படிப்புக்குப் பணம் தருவதே அந்தத் துறையின் வேலை. ஆனால் இவ்வளவு கடுமையான பாதிப்பு உள்ளவர் வேலைக்குப் போகவே வாய்ப்பில்லை, செலவு செய்து பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகே முடிவு மாறியது. இந்தத் துறையின் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

பெர்க்லியும் சுலபமாகக் கதவைத் திறக்கவில்லை. இப்படிப்பட்டவர்களை முன்பே சேர்த்துப் பார்த்தோம், சரிப்பட்டு வரவில்லை என்று ஒரு டீன் சொன்னதாக எட் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகு வேறு கேள்வி வந்தது: எங்கே தங்குவார்? சுமார் 360 கிலோ எடையுள்ள அந்த இயந்திரத்தை எந்த விடுதி அறையில் வைப்பது? அப்போதுதான் பல்கலைக்கழக மருத்துவச் சேவையின் தலைவர் ஹென்றி புருயின், வளாகத்தில் இருந்த கௌவெல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இடம் கொடுத்தார். எட் அங்கே நோயாளி இல்லை, அது அவருடைய விடுதி. அவரே தன் உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டார்.

இது 1962-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவம். அதே பருவத்தில்தான் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் கூட்டாட்சிப் படைகளின் பாதுகாப்போடு சேர்ந்தார். எட் சேர்ந்ததைப் பற்றி எழுதிய ஒரு செய்தித்தாள், ‘கையாலாகாத முடவர்’ வகுப்புக்குப் போகிறார் என்ற பொருளில் தலைப்புப் போட்டது. அந்தக் காலத்துப் பார்வை அது.

செய்தி பரவியதும் ஜான் ஹெஸ்லர் என்ற இன்னொரு மாணவர் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வர, 60-களின் கடைசியில் அந்த மாடியில் சுமார் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இங்கேதான் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. அதுவரை தனித்தனி வீடுகளில் தனித்தனியாகக் கஷ்டப்பட்டவர்கள், முதல்முறையாக ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். ராத்திரியெல்லாம் பேச்சு. எந்த உதவியாளர் நல்லவர், சக்கர நாற்காலி நடுரோட்டில் நின்னுட்டா என்ன செய்யறது, எந்தக் கட்டடத்தில் படி இருக்கு... வெளியே வளாகம் முழுக்கப் போராட்டக் காலம் வேறு. பேச்சு அரசியலாக மாறாமல் இருக்குமா? தங்களுக்கு ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1969-இல் மறுவாழ்வுத் துறையின் அலுவலர் ஒருவர், இரண்டு மாணவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சொல்லி அவர்களை வெளியேற்றப் பார்த்தார். மற்ற மாணவர்கள் சேர்ந்து நின்றார்கள், பத்திரிகைகளிடம் போனார்கள். முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு அவர்கள் கேட்டது சலுகை இல்லை, நிர்வாகம். எங்களுக்கு என்ன தேவை என்று எங்களுக்குத்தான் தெரியும், அந்தச் சேவையை நாங்களே நடத்துகிறோம் என்றார்கள். 1970-இல் கூட்டாட்சி அரசின் நிதியோடு பெர்க்லியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தனித் திட்டம் தொடங்கியது. ஜான் ஹெஸ்லர் அதன் தலைவர். உதவியாளர் தேடித் தருவது, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது, தங்க இடம் பார்ப்பது என்று எல்லாம் அங்கே. மாணவர்கள் ஆஸ்பத்திரி மாடியை விட்டு நகரத்து வீடுகளுக்குக் குடிபோக இதுதான் வழி செய்தது.

பிறகு மாணவர் அல்லாதவர்களும் உதவி கேட்டு வரத் தொடங்கினார்கள். அதனால் 1972-இல் வளாகத்துக்கு வெளியே ‘சுதந்திர வாழ்வு மையம்’ உருவானது. 1975-இல் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், எட் ராபர்ட்ஸை மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக நியமித்தார். ஆமாங்க, அதே துறைதான். இவர் வேலைக்கு லாயக்கில்லை என்று சொன்ன அலுவலகத்துக்கு இவரே தலைவர்!

ஆனால் ஒரு வளாகத்தில் நல்ல ஏற்பாடு இருந்தால் போதாது, சட்டம் வேண்டும். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் பணம் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்தப் பணத்தைப் பெறுபவை. ஆனால் செயல்படுத்தும் விதிகளில் நாலு வருஷமாகக் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜூடி ஹியூமன், கிட்டி கோன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். பிளாக் பாந்தர் கட்சியினர் தினமும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகச் சைகை மொழியில் வெளியே தகவல் சொன்னார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்திட்டார். அந்த விதிகளின்படி, தேர்வு முறையைத் தேவைக்கேற்ப மாற்றுவதும், பார்வையற்றோருக்கு வாசிப்பவர், காது கேளாதோருக்கு மொழிபெயர்ப்பாளர் போன்ற உதவிகளும் கல்லூரிகளின் கடமை ஆயின.

‘தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்து அங்கிருந்து 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை என்று பயணித்து, நம்முடைய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கும் வந்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5% இட ஒதுக்கீடு தரும் சட்டம் அதுதான். நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்றும் அது சொல்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துக் காட்டியது. எழுதுவதில் சிரமம் உள்ள ஒரு தேர்வருக்கு, 40% குறைபாடு இல்லை என்ற காரணத்தால் ஸ்கிரைப் மறுக்கப்பட்டிருந்தது. அந்த மறுப்பு செல்லாது என்றது தீர்ப்பு.

எட் ராபர்ட்ஸ் 1995-இல் இறந்தார். பெர்க்லியில் அவர் பெயரில் ஒரு கட்டடம் இருக்கிறது. உள்ளே மாடிக்குப் போக ஒரு பெரிய சிவப்புச் சாய்தளம், வட்டமாகச் சுற்றி ஏறுகிறது. நடப்பவர்களும் அதிலேயே போகலாம்.

இப்போ என் பரீட்சைக் கதைக்கு வரேன். நான் அன்னைக்கு அண்ணனுக்கு என் கையைத்தான் கொடுக்கப் போனேன். கேட்காமலே என் மூளையையும் சேர்த்துக் கொடுத்துட்டேன். அந்த டீனும், அந்த அலுவலரும் கெட்டவங்கன்னு நான் நினைக்கலை. அவங்களும் என்னை மாதிரி, அடுத்தவருக்கு எது நல்லதுன்னு தங்களுக்குத் தெரியும்னு நம்பியிருப்பாங்க. அந்த நம்பிக்கையோடதான் கௌவெல் மாடியில் இருந்தவங்க சண்டை போட வேண்டியிருந்தது.

உங்க காலேஜ்ல இதுக்கு ஒரு குழு இருக்கலாம். அதுல மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.