கால் வேலி, அரைக்கால் வேலி, 720 மார்க்: டாக்டர் சீட்டுக்கு யார் தகுதி?

(ஒலிவடிவ உரை, வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம், ராஜகுளத்துல இருந்து ஒரு தம்பி. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். பிளஸ் டூவில் அவருக்கு அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் மார்க். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் கோச்சிங். இப்போ நீட்ல அரசுக் கல்லூரி கிடைக்கிற அளவுக்கு ஸ்கோர் வந்திருக்கு. சந்தோஷமா பேசுவார்னு பார்த்தா, குரல் இறங்கியிருக்கு.

"அண்ணா, பிளஸ் டூல கோட்டை விட்டவன் இதுல எப்படிடா வாங்கினன்னு ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க. எங்க பெரியப்பா பையன் பிளஸ் டூல என்னைவிட நூறு மார்க் மேல. அவன் இப்போ பி.எஸ்சி. படிக்கிறான். நான் அவனோட இடத்தைப் பிடிச்சிக்கிட்ட மாதிரி இருக்கு. இது நியாயம்தானாண்ணா?"

நியாயம்ங்கிற வார்த்தையை எடுத்த எடுப்பில் தொட எனக்குப் பயம். ஆனா எந்த மார்க் செல்லும், எந்த மார்க் செல்லாதுன்னு யார் எப்போ முடிவு பண்ணாங்கன்னு ஒரு கதை இருக்கு. அதுல ரொம்பப் பழைய அத்தியாயம் இந்தத் தம்பியோட மாவட்டத்துலயே, உத்திரமேரூர்ல, சுவத்துல வெட்டி வெச்சிருக்கு.

உத்திரமேரூர்னதும் எல்லாரும் குடவோலைன்னு சொல்லுவோம். ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. பள்ளிக்கூடப் புத்தகம் அதோட நிறுத்திடும். எனக்குப் பிடிச்சது குடத்துக்கு முன்னாடி நடக்கிற வேலை. யாரோட பேர் ஓலையில ஏறலாம்ங்கிற தகுதிப் பட்டியல்.

முதலாம் பராந்தக சோழன் காலம். பொது ஆண்டு 919-ல் ஒரு விதி, 921-ல் இன்னொரு விதி. ரெண்டே வருஷத்துல மாத்திட்டாங்க. முதல் விதியில் வயது 30 முதல் 60 வரை. அடுத்ததில் 35 முதல் 70 வரை. வரி கட்டுற நிலம் கால் வேலியாவது வேணும், சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். இதோட ஒரு சலுகை. நிலம் அரைக்கால் வேலிதான் இருக்குன்னா, அதாவது கேட்டதுல பாதிதான்னா, ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றும் பிறருக்கு விளக்கிச் சொல்லத் தெரிஞ்சா அவர் பேரையும் குடத்துல போடலாம்.

ஒரு அளவுகோல்ல குறைஞ்சவர், இன்னொரு அளவுகோல்ல மிகுந்தவர். அவரை என்ன செய்யறதுங்கிற கேள்விக்கு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே ஒரு பதில் எழுதியிருக்காங்க. (அந்தச் சபை பிராமண நிலவுடைமையாளர்களான ஆண்களோட சபை. ஊர்ல மிச்சமிருந்த எல்லாரும் பட்டியலுக்கு வெளியே. இதைச் சொல்லாம குடவோலையைப் புகழ்றது எனக்குப் பிடிக்காது.)

இப்போ ஒரே தாவலா மெட்ராஸ் மாகாணத்துக்கு வருவோம். கம்யூனல் ஜி.ஓ. தெரிஞ்சிருக்கும். கல்லூரியில பதினாலு இடம்னா ஆறு பிராமணரல்லாத இந்துக்களுக்கு, ரெண்டு பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு, ரெண்டு பிராமணர்களுக்கு, ரெண்டு அன்றைய அரசு மொழியில் 'ஹரிஜன'ங்களுக்கு, ஒன்று ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு, ஒன்று முஸ்லிம்களுக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாதுன்னு சொன்னது. அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. அது தனி எபிசோடுக்கான கதை.

இன்னிக்கு நமக்கு வேண்டியது அதுக்கப்புறம் நடந்தது. 1960-கள்ல மெடிக்கல் சீட்டை மாவட்ட வாரியா, மக்கள்தொகைக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக் கொடுத்தாங்க. செங்கல்பட்டுக்கு இவ்வளவு, ராமநாதபுரத்துக்கு இவ்வளவுன்னு. ராஜகுளம் மாதிரி ஊருக்கு இது நல்ல ஏற்பாடாத்தான் தோணும். 1968-ல் ராஜேந்திரன் வழக்குல உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து பண்ணிடுச்சு. இந்த மாவட்டத்துல குறைஞ்ச மார்க் வாங்கினவர் உள்ளே, அந்த மாவட்டத்துல கூடுதல் வாங்கினவர் வெளியேன்னு ஆகுது, அது சமத்துவம் இல்லைங்கிறது தீர்ப்பு.

அடுத்தது நேர்காணல். பரீட்சை மார்க்கோட நேர்காணலுக்கு 75 மார்க். விளையாட்டு அல்லது என்.சி.சி., பொதுச் சேவை, உடல்நிலை, பொதுத் திறன், மருத்துவத்துக்கான நாட்டம்னு ஐந்து தலைப்பு. 1970-ல் பெரியகருப்பன் வழக்கு வந்தப்போ ஒண்ணு வெளிய வந்தது. குழுக்கள் தலைப்பு வாரியா மார்க் போடவே இல்ல. மொத்தமா ஒரு எண்ணை எழுதிட்டாங்க. அது சட்டவிரோதம்னு நீதிமன்றம் சொன்னது. ஒருத்தருக்கு 'நாட்டம்' எவ்வளவுங்கிறதை எந்தத் தராசுல நிறுத்துறது? எழுதின கைக்கே தெரிஞ்சிருக்காது.

நேர்காணல் மேல இப்படிப் புகார் குவிஞ்ச பிறகுதான், எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ல் நுழைவுத்தேர்வு வருது. இந்தக் கட்டத்தை நிதானமா பார்க்கணும். ஏன்னா நம்ம தம்பிக்கு முதல் முறையா ஒரு சின்னக் கதவு திறந்தது இங்கதான்.

கணக்கு இது. பிளஸ் டூவில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆக 200. நுழைவுத்தேர்வுக்கு 100. மொத்தம் 300. பிளஸ் டூவில் 195-ம் நுழைவுத்தேர்வில் 80-ம் எடுத்தவருக்கு 275. பிளஸ் டூவில் 180-தான், ஆனா நுழைவுத்தேர்வில் 95. அவருக்கும் 275. ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிப்பாங்க. கொஞ்சம் சறுக்கினவரைத் தூக்கிவிடும், ஆனா ரொம்பச் சறுக்கினவரைத் தூக்காது. அறுபது சதவீதத்தோட வந்தவர் நுழைவுத்தேர்வில் நூத்துக்கு நூறு வாங்கினாலும் 220-தான். அரைக்கால் வேலி சலுகை மாதிரியே, எவ்வளவு தூரம்னு ஒரு எல்லை இருந்தது.

இதுக்குள்ள ஒரு பிரச்சினை வளர்ந்தது. நுழைவுத்தேர்வுக்குன்னு தனியா கோச்சிங் இருந்தது பெரிய ஊர்கள்ல. 1990-களின் பிற்பகுதியில் கிராமப்புற மாணவர்களுக்கு 15 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்து பார்த்தாங்க. அதுவும் பின்னாடி நீதிமன்றத்துல விழுந்தது. 2005-ல் ஜெயலலிதா அரசு நுழைவுத்தேர்வை ரத்து செஞ்சது. கூடவே 'இம்ப்ரூவ்மென்ட்' முறையையும். மறுபடி எழுதி மார்க்கை ஏத்திக்கிறதுக்கு அப்போ அதுதான் பேர். உயர் நீதிமன்றம் ஏத்துக்கல. அடுத்து வந்த கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவைப் போட்டு, 2006 டிசம்பரில் சட்டமாக்கி, குடியரசுத் தலைவர் ஒப்புதலையும் வாங்கிடுச்சு. 2007-ல இருந்து பிளஸ் டூ மார்க் மட்டும்தான்.

அந்தப் பத்து வருஷம் 'சென்டம்' காலம். 200-க்கு 198-ன்னாலும் நகத்தைக் கடிக்கணும். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளோட பேர் தமிழ்நாடு முழுக்கப் பரவினது அப்போதான். அங்க நடந்த ஒரு வேலை பல தனியார் பள்ளிகளுக்கும் தொத்திக்கிச்சு: பிளஸ் ஒன் பாடத்தை ஓரமா வெச்சுட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பி நடத்துறது. பிளஸ் ஒன்னுக்குத்தான் பொதுத்தேர்வே இல்லையே. அந்த அளவுகோலுக்கு அதுதான் புத்திசாலித்தனம். கிராமத்துப் பிள்ளைகள் நிறைய பேர் டாக்டர் ஆனாங்க என்பதும் உண்மை. பதினோராம் வகுப்பு காணாமப் போனதும் உண்மை.

இப்போ நீட். முதல் தேர்வு 2013 மே மாசம். ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2016 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் மட்டும் தள்ளிப்போச்சு. விலக்கு கிடைக்கும் கிடைக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்து, 2017 ஆகஸ்ட் கடைசியில் இல்லைன்னு ஆச்சு. நீட் பாடத்திட்டம் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்தது. அதாவது, முந்தின அளவுகோல் எந்த வகுப்பை மறக்கச் சொன்னதோ அந்த வகுப்பிலிருந்து பாதிக் கேள்வி.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176. கட் ஆஃப் 200-க்கு 196.75. நீட்டில் 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1-ம் தேதி அவரை இழந்தோம். ராஜகுளத்துத் தம்பியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருது. ஒருத்தருக்கு எது நிறைஞ்சிருந்ததோ அது இன்னொருத்தருக்குக் குறைவு. ஒரு வருஷம் முன்னாடி பிறந்திருந்தா அவர் டாக்டர். பத்து வருஷம் முன்னாடி பிறந்திருந்தா இந்தத் தம்பிக்கு விண்ணப்பம் வாங்கவே தைரியம் வந்திருக்காது.

ஏன்னா இப்போ பிளஸ் டூ மார்க் வெறும் நுழைவுச்சீட்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் சேர்த்து பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். அதைத் தாண்டிட்டா அறுபதும் தொண்ணூத்தொன்பதும் ஒண்ணுதான். மூணில் ரெண்டு பங்கு எடை இருந்த மார்க், 2007-ல் முழு எடை ஆச்சு, 2017-ல் பூஜ்யம் ஆச்சு. முப்பத்திமூணு வருஷத்துல நடந்தது இவ்வளவுதான்.

சரி, இந்த அளவுகோல் யாரை எடுத்துச்சு? ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில ஒரு புள்ளிவிவரம் இருக்கு. மருத்துவத்துல சேர்ந்தவங்கள்ல முந்தின வருஷங்கள்ல பிளஸ் டூ முடிச்சு மறுபடி முயற்சி பண்ணவங்க 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் சுமார் 71 சதவீதம். 2019-ல் உயர் நீதிமன்றத்துல சொல்லப்பட்ட கணக்கு இன்னும் கடுமை: அரசுக் கல்லூரிகள்ல சேர்ந்த 3,081 பேர்ல கோச்சிங் போகாதவங்க 48 பேர்.

இந்த எண்களைப் பார்த்த பிறகு தம்பிக்கு ரெண்டாவது தடவை போன் பண்ணேன். பெரியப்பா பையன் நீட் எழுதினானான்னு கேட்டேன். எழுதினானாம், ஒரே ஒரு தடவை. அடுத்த வருஷம் வீட்ல முடியாதுன்னுட்டாங்க. "உனக்கு?" "அம்மாவோட செயினை வெச்சாங்கண்ணா. ரெண்டாவது வருஷம் வளையலையும்." என் பதில் இங்க இருக்கு. உன் பிளஸ் டூ மார்க் குறைவா இருந்ததால நீ யார் இடத்தையும் பிடிக்கலை, தம்பி. ஆனா அவனுக்கு இல்லாம போனது மூளையோ மார்க்கோ இல்ல, அந்த ரெண்டாவது வருஷம். அந்த வருஷத்துக்கு எந்த விண்ணப்பப் படிவத்துலயும் கட்டம் கிடையாது. விதி எழுதினவங்க பதில் சொல்ல வேண்டிய கணக்கு அது. நீ சொல்ல வேண்டியதில்ல.

அரசும் ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. நீதிபதி கலையரசன் குழுவோட பரிந்துரைக்குப் பிறகு, 2020-ல் ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. முந்தின வருஷம் அரசுப் பள்ளியில இருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவங்க ஒற்றை இலக்கத்துல இருந்தாங்க. முதல் வருஷத்துலயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து நானூறு இடம் கிடைச்சது. நம்ம தம்பி எட்டாவது வரை தனியார் பள்ளி. அதனால அந்த வரிசையில அவர் இல்ல. நீட்டே வேண்டாம்னு 2021-ல் பேரவை நிறைவேத்தி, 2022-ல் மறுபடி நிறைவேத்தி அனுப்பின மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதா 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் பேரவையில அறிவிச்சார்.

தம்பி நேத்து மறுபடி மெசேஜ் பண்ணார். கவுன்சிலிங்குக்கு ஒரிஜினல் எல்லாம் எடுத்து வெச்சாச்சாம். பிளஸ் டூ மார்க் ஷீட் மடிச்சு மடிச்சு ஓரம் கிழிஞ்சிருக்கு, லேமினேட் பண்ணிடட்டுமான்னு கேட்டார். வேண்டாம், பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். பெரியப்பா பையன்தான் துணைக்கு வர்றானாம்.