சேலஞ்சர் வராத கடல்

டாக்குரியாவுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால், கடல் மீன் கேட்பவனைக் கடைக்காரர் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆற்று மீனும் குளத்து மீனும்தான் மீன். வஞ்சிரம் சாப்பிட்டு வளர்ந்தவன் மனசு என்ன பாடுபடும், சொல்லுங்கள்!

ஆனால் நம்ம வங்காள விரிகுடாவின் ஆழத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னது இந்த ஊர்தான். போன வாரம் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப்போய் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

பாடம், சேலஞ்சர் என்ற ஆங்கிலேயக் கப்பல் பற்றி. 1872 டிசம்பரில் கிளம்பி 1876 மே மாதம் திரும்பியது. கடல் ஆராய்ச்சிக்கென்றே உலகைச் சுற்றிய பயணம். அதன் அறிக்கைகள் மட்டும் 50 தொகுதிகள்.

"அப்பா, அது மெட்ராஸுக்கு வந்துச்சா?" என்றாள்.

வரவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து தெற்கே அண்டார்டிகா பக்கம் இறங்கி, அப்படியே ஆஸ்திரேலியா போய்விட்டது. வங்காள விரிகுடா, அரபிக்கடல் இரண்டும் விடுபட்டுப் போயின.

அந்த இடத்தை நிரப்பியது இன்வெஸ்டிகேட்டர் என்ற சின்னக் கப்பல். 1874-ல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியக் கடல் அளவைத் துறைக்காக, பம்பாயில் கட்டி 1881-ல் நீரில் இறக்கினார்கள். மரக்கப்பல், இரு பக்கமும் துடுப்புச் சக்கரம். அதன் வேலை ஆராய்ச்சி இல்லை. கரையோரத்தை அளந்து, ஆழம் பார்த்து, கப்பல்கள் தட்டாமல் போக வரைபடம் போடுவது. கூடவே ஒரு டாக்டர் இருப்பார். அவரே இயற்கை ஆய்வாளரும். மாலுமிக்குக் காய்ச்சல் என்றால் மருந்து, நேரம் கிடைத்தால் மீன்!

1884-லிருந்து 1889 வரை இதற்குத் தலைமை வகித்த கார்ப்பென்டர், முன்பு சேலஞ்சரில் வேலை பார்த்தவர். 1888-ல் டாக்டராக வந்து சேர்ந்தவர் ஆல்ஃப்ரெட் அல்காக். 1892 வரை இருந்தார். அந்தமான் கடலிலும், நம்ம கரைக்கு அப்பாலும் வலை இறக்கினார்கள்.

ஆழக்கடலில் வலை இறக்குவது சும்மா இல்லை. 1000 ஃபாதம் என்றால் சுமார் 1830 மீட்டர். அதைவிட நீளமான கம்பியை விட வேண்டும். அடித்தரையில் இழுத்து, திரும்பச் சுற்றி எடுப்பதற்குள் பல மணி நேரம் போய்விடும். கம்பி அறுந்தால் எல்லாம் போச்சு. மேலே வருவதைச் சாராயத்தில் போட்டு வைத்தால் உடம்பு கெடாது, ஆனால் நிறம் போய்விடும்.

அப்படிப் பிடித்தவை கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு வந்தன. உள்ளூரில் 'ஜாதுகர்' என்பார்களே, அதேதான். 1893-ல் அல்காக்கே அதன் கண்காணிப்பாளர் ஆனார். 1902-ல் தன் கப்பல் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தப் புத்தகம் இல்லை. அந்த உயிரினங்களின் ஓவியங்களை 1892 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். நண்டின் ஒவ்வொரு முள்ளும், மீனின் ஒவ்வொரு செதிலும் அப்படியே இருக்கும். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள்: ஏ. சி. சௌத்ரி, எஸ். சி. மண்டல். வங்காளி ஓவியர்கள். நிறம் போன உடலைப் பார்த்து உயிரோடு இருப்பதுபோல் வரைந்தவர்கள். புது உயிரினத்துக்குப் பெயர் வைத்தவரை அறிவியல் மறக்காது. இவர்களை யாருக்குத் தெரியும்?

இவர்களுக்காவது பொடி எழுத்து கிடைத்தது. கம்பியை விட்டு, சுற்றி, சேறோடு வலையைத் தளத்தில் கொட்டிய இந்திய மாலுமிகளுக்கு 'லஸ்கர்' என்ற பொதுப்பெயர் மட்டும்தான்.

பெண்ணிடம் இதைச் சொன்னேன். பள்ளி நோட்டில் சேலஞ்சர் படத்துக்குக் கீழே அந்த இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். பெரிய எழுத்தில். மார்க் கிடைக்குமா தெரியாது, நான் தடுக்கவில்லை :-)

காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் பார்க் ஸ்ட்ரீட் கொஞ்ச நேரம்தான். அடுத்த முறை ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், விக்டோரியா மெமோரியலோடு திருப்பி அனுப்பாமல் ஜாதுகருக்கும் கூட்டிப் போங்கள். நம்ம கடலின் கதையில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.