கிளைடரும் அதன் சக்கர பிரேக்கும்

சிப்பிகாட்டில் வாழும் நம்மவர்க்கு விமானம் புதிதன்று. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் விமான நிலையம் அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. அங்கு வந்திறங்கும் விமானம் வேகம் மிகுந்து வருமாயின், விமானி எஞ்சினை முடுக்கி மறுபடியும் மேலெழும்பிவிடலாம். எஞ்சின் இல்லாத கிளைடருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. இறங்கத் தொடங்கினால் இறங்கியே தீரவேண்டும். ஆகவே அதன் பிரேக்கின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1890களில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் தம் கால்களையே ஊன்றி இறங்கினார். 1920இல் வாசர்குப்பே மலையில் போட்டிகள் தொடங்கிய காலத்துக் கிளைடர்கள் பெரும்பாலும் மரச் சறுக்குக் கட்டையின்மீது தரையில் உராய்ந்து நின்றன. கிளைடர்கள் கனத்து வேகமும் பெருகியபின் சக்கரம் வந்தது. சக்கரம் உருண்டோடவே பிரேக்கும் வந்தது. 1896இல் எர்னஸ்ட் போடன் காப்புரிமை பெற்ற உறைக்கம்பி இங்கும் பயன்பட்டது. நம் சைக்கிள் பிரேக்கில் உள்ள கம்பியும் அதுவே.

நம் நாட்டில் புனே கிளைடர் நிலையம் 1950இல் ஏற்பட்டது. சிவில் விமானத் துறைக்காக எஸ். ராமாமிருதம் வடிவமைத்த ‘ரோஹிணி’ 1961 மே மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பழகுவதற்கான மரக் கிளைடர் அது.

பல கிளைடர்களில் ஒரே கைப்பிடி இரு வேலைகளைச் செய்கிறது. அதை இழுத்தால் முதலில் இறக்கையிலுள்ள காற்றுத் தடுப்புப் பலகைகள் எழும். இழுப்பின் கடைசியில்தான் சக்கர பிரேக் பிடிக்கும். இந்த வரிசை தவறலாகாது. கம்பி நீண்டு லைனிங்கும் தேய்ந்தால், கைப்பிடியை முழுதும் இழுத்தாலும் சக்கரம் நில்லாது. அதற்கஞ்சித் திருகை அளவுமீறி முறுக்கினாலோ, கிளைடர் தரையைத் தொடும்போதே சக்கரம் இறுகி நிற்கும். டயர் கிழியும், மூக்குத் தரையில் மோதும்.

எனவே கிளைடரைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் கைப்பிடியை மெல்ல இழுக்க, மற்றொருவர் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பர். இழுப்பின் இறுதிவரை அது தங்குதடையின்றிச் சுழலவேண்டும். இறுதியில் உறுதியாக நிற்கவேண்டும். கைப்பிடியை விட்டதும் மீண்டும் சுழலவேண்டும். லைனிங்கில் எண்ணெய்ப் பசை படலாகாது.

கடற்காற்றில் உறைக்குள் துருவேறிய கம்பி இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. சிப்பிகாட்டில் சைக்கிள் வைத்திருப்போர் இதை அறிவர். சைக்கிளில் அது சிறு தொல்லை. கிளைடரிலோ, முதன்முறை தனியே பறந்து திரும்பும் மாணவனின் உயிர் அக்கம்பியை நம்பியிருக்கிறது. பறந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. புறப்படுமுன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்த பணியாளரையும் நாம் நினைவிற்கொள்வது முறையாகும்.